எதெல் ஸ்மைத்தின் ஓபரா ஏன் காணாமல் போனது, எப்படித் திரும்பி வந்தது

கேள்வி இதுதான்: ஒரு பெண் எழுதி, உலகம் மறந்துபோன ஓபராவை, அதாவது முழுக்கப் பாடியே நடிக்கும் இசை நாடகத்தை, மீட்டு மேடையேற்றினோம் என்று அடிக்கடி செய்தி வருகிறதே, நல்ல படைப்பாக இருந்திருந்தால் ஏன் மறந்தார்கள்? மீட்பது என்றால் பழைய நோட்டேஷனை எடுத்து வாசித்துவிட வேண்டியதுதானே, அதில் அப்படி என்ன பெரிய வேலை இருக்கிறது?

இரண்டுக்கும் சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும். பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது என்பதால் நான் பல வருடமாகக் கேட்டுவரும் ஒரே ஒரு ஓபராவை எடுத்துக்கொள்கிறேன். எதெல் ஸ்மைத் எழுதிய ‘த ரெக்கர்ஸ்’. 1904 இல் எழுதி முடித்தார், 1906 இல் முதல் மேடை கண்டது, அவர் நினைத்த வடிவத்தில், அவர் இசையமைத்த மொழியில் அதை ஒரு பெரிய ஓபரா அரங்கம் மேடையேற்றியது 2022 இல்.

ஸ்மைத் 1858 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பா பீரங்கிப் படையில் ஜெனரல், மகள் இசை படிக்க ஜெர்மனி போவதை அடியோடு எதிர்த்தார். மகள் அறைக்குள் பூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி 1877 இல், 19 வயதில், லைப்ஸிக் இசைக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார். கல்லூரி அவருக்குப் பிடிக்கவில்லை, ஒரு வருடத்தில் விட்டுவிட்டு ஹெர்ட்சோகன்பெர்க் என்ற இசையமைப்பாளரிடம் தனியாகப் படித்தார். அந்த வீட்டு வழியாக பிராம்ஸ், கிளாரா ஷூமன் போன்ற பெரிய இசைக் கலைஞர்கள் எல்லோரும் பழக்கம். ‘த ரெக்கர்ஸ்’ அவருடைய மூன்றாவது ஓபரா. இரண்டாவது ஓபரா ‘டெர் வால்ட்’ 1903 இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் நடந்தது. அந்த அரங்கில் ஒரு பெண் எழுதிய ஓபரா மேடையேறியது அதுதான் முதல் தடவை. அடுத்த தடவை எப்போது தெரியுமா? 2016 டிசம்பர், கையா சாரியாஹோ என்ற பின்லாந்துப் பெண் இசையமைப்பாளரின் ஓபரா. நடுவில் 113 வருடம். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றதெல்லாம் புரியாது. கார்ன்வால் கடற்கரையில் 18 ஆம் நூற்றாண்டில் ஒரு ஏழைக் கிராமம். புயல் இரவில் கலங்கரை விளக்கை அணைத்துவிடுவார்கள், வழி தெரியாமல் வரும் கப்பல் பாறையில் மோதி உடையும், கரை ஒதுங்கும் சரக்கை அள்ளிக்கொள்வார்கள், தப்பி நீந்தி வருபவனையும் விட்டுவைக்க மாட்டார்கள். இதைக் களவு என்று அவர்கள் நினைப்பதே இல்லை, ஆண்டவன் அளக்கும் படி என்று நினைக்கிறார்கள். போதகர் பாஸ்கோ கோபப்படுவது எதற்காக என்றால், ஓய்வுநாளில் நீங்கள் குடித்துக் கும்மாளம் போடுவதால்தான் ஆண்டவன் கப்பல் அனுப்புவதை நிறுத்திவிட்டான் என்பதற்காக. ஒரே மூச்சில் ஜெபமும் கொள்ளையும். அந்தப் போதகரின் இளம் மனைவி தர்ஸா இந்தக் கொலைத் தொழிலை வெறுக்கிறாள், அவளும் மார்க் என்ற மீனவனும் காதலிக்கிறார்கள், மார்க் ரகசியமாகக் கரையில் தீ மூட்டிக் கப்பல்களை எச்சரித்துக்கொண்டிருக்கிறான். துரோகி யார் என்று ஊர் தேடுகிறது. கடைசியில் ஒரு கடல் குகைக்குள் ஊரே கூடி விசாரணை நடத்தி, காதலர்கள் இருவரையும் அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. கடல் ஏறி வந்து குகையை நிரப்புகிறது.

இந்தக் கதையைப் பாடல் வரிகளாக எழுதிக் கொடுத்தவர் ஹென்றி புரூஸ்டர், ஸ்மைத்தின் நெருங்கிய துணைவர், எழுத்தாளர், அமெரிக்க வம்சாவளி ஆனால் பிரான்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குக் கவிதை வந்தது பிரெஞ்சில், அதனால் பிரெஞ்சில் எழுதினார். அதற்கு நடைமுறைக் காரணமும் இருந்தது: அப்போது லண்டன் கோவென்ட் கார்டன் ஓபராவை நடத்திக்கொண்டிருந்தவர் மெஸ்ஸாஜே என்ற பிரெஞ்சுக்காரர், பிரெஞ்சு ஓபரா என்றால் அங்கே இடம் கிடைக்கும் என்று நம்பினார்கள். ஆக இங்கிலாந்துக் கடற்கரைக் கதையை ஒரு ஆங்கிலப் பெண் பிரெஞ்சு வரிகளுக்கு மெட்டமைத்தார். தலைப்பு ‘லே நோஃப்ராஷேர்’, கப்பலை உடைப்பவர்கள் என்று பொருள்.

லண்டன் கைகூடவில்லை. ஜெர்மனியில் கதவு திறந்தது, லைப்ஸிக் ஓபராவில் நிகிஷ் என்ற பெரிய கண்டக்டர், அதாவது ஆர்கெஸ்ட்ரா என்ற வாத்தியக் குழுவை முன்னால் நின்று நடத்துபவர், அதை ஏற்றுக்கொண்டார். சரி, ஜெர்மனியில் நடத்த வேண்டுமென்றால் ஜெர்மனில் பாட வேண்டும், மொழிபெயர்த்தார்கள், தலைப்பு ‘ஸ்ட்ராண்ட்ரெக்ட்’ ஆனது. அதற்குப் பொருள் கரைக்கு ஒதுங்கியதை எடுத்துக்கொள்ளும் உரிமை. தலைப்பே ஊர்க்காரர்களின் பக்கம் சாய்ந்துவிட்டது, பாருங்கள். மேடையேறும் நேரத்தில் நிகிஷ் அந்த வேலையை விட்டுப் போய்விட்டார். ஏற்றுக்கொண்ட ஆள் இல்லாத இடத்தில், வேறு கண்டக்டரின் கையில், 1906 நவம்பர் 11 அன்று முதல் நிகழ்ச்சி.

கூட்டத்துக்குப் பிடித்திருந்தது, கைதட்டித் திரும்பத் திரும்ப மேடைக்கு அழைத்தார்கள். ஆனால் மூன்றாம் அங்கத்தை, அதாவது அந்தக் குகை விசாரணையை, ஸ்மைத்துக்கு உடன்பாடில்லாத வகையில் வெட்டியிருந்தார்கள். வெட்டியதைச் சேருங்கள் என்று கேட்டார், முடியாது என்றார்கள். மறுநாள் அவர் செய்ததை அவரே பின்னால் எழுதியிருக்கிறார்: ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஆர்கெஸ்ட்ரா பள்ளத்துக்குள் இறங்கி, ஒவ்வொரு ஸ்டாண்டாகப் போய் வயலின் தாள், குழல் தாள், எக்காளத் தாள் என்று ஒன்று விடாமல் எடுத்து, கண்டக்டர் மேசையில் இருந்த முழு ஸ்கோரையும், அதாவது முழு நோட்டேஷன் புத்தகத்தையும், சேர்த்துக் கட்டிக்கொண்டு பிராக் போகும் ரயிலில் ஏறிவிட்டார். லைப்ஸிக்கில் இரண்டாவது நிகழ்ச்சி நடக்க வாய்ப்பே இல்லை, வாசிக்கத் தாள் இல்லை.

இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை தட்டவும் தோன்றும், வயிறும் எரியும். அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் ஓபரா உலகத்தில் ஒரு படைப்பு பிழைப்பது இரண்டாவது நிகழ்ச்சியில்தான். முதல் அரங்கில் பத்துப் பதினைந்து தடவை நடந்தால்தான் அடுத்த ஊர் அரங்கம் எட்டிப் பார்க்கும். பிராக்கில் டிசம்பரில் நடந்தது, ஒத்திகை போதாமல் சொதப்பியது. வியன்னா ஓபராவை நடத்திக்கொண்டிருந்த இசையமைப்பாளர் மாலரிடம் கொண்டுபோகலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது, 1907 இல் மாலரும் வியன்னா ஓபராவை விட்டுவிட்டார். 1908 இல் லண்டனில் முதல் இரண்டு அங்கங்களை மட்டும் கச்சேரி வடிவில் நிகிஷ் நடத்தினார், அடுத்த மாதமே புரூஸ்டர் இறந்துபோனார். 1909 இல் இளம் கண்டக்டர் தாமஸ் பீச்சம் லண்டனில் ஆங்கிலத்தில் மேடையேற்றினார், 1910 இல் கோவென்ட் கார்டனிலும். அப்போதாவது நிலைத்திருக்கும் என்று பார்த்தால், மியூனிக்கில் நடப்பதாக ஒப்பந்தமான நிகழ்ச்சியை 1914 இன் போர் விழுங்கியது. ஜெர்மனியும் இங்கிலாந்தும் எதிரி நாடுகள் ஆனபின் இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த ஒரு படைப்புக்கு எங்கே இடம்?

அப்புறம் இன்னொன்று நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். 1910 இல் ஸ்மைத் பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தில் குதித்தார், அதற்கு அணிவகுப்புப் பாட்டு எழுதினார், 1912 இல் ஒரு அமைச்சர் வீட்டு ஜன்னலில் கல்லெறிந்து ஹாலவே சிறைக்குப் போனார். சிறை முற்றத்தில் பெண்கள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு நடக்க, மேலே ஜன்னலில் இருந்து இவர் பல் துலக்கும் பிரஷ்ஷை ஆட்டித் தாளம் காட்டியதை, இவரைச் சந்திக்கப் போன பீச்சம் கண்டார். அருமையான காட்சிதான், யார் கேட்டாலும் மறக்க மாட்டார்கள். ஆனால் ஐம்பது அறுபது வருடம் ஸ்மைத் என்றாலே அந்தப் பிரஷ் கதை மட்டும்தான் என்று ஆகிவிட்டது. ஆளைப் பற்றிப் பேசிப் பேசியே இசையைக் கேட்காமல் விட்டார்கள். 1922 இல் ‘டேம்’ என்ற பிரிட்டிஷ் கௌரவப் பட்டம் கொடுத்தார்கள். 1934 இல் பெரிய விழா எடுத்தபோது அவருக்குக் காது முழுவதும் போயிருந்தது. 1939 இல் லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் ‘ரெக்கர்ஸ்’ மறுபடி வந்தது, அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. 1944 இல் இறந்தார்.

பெண் என்பதால்தான் மறந்தார்களா என்று நேராகக் கேட்டால் ஆமாம், ஆனால் அது எப்படி வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். யாரும் தடை போடவில்லை. விமர்சகர்கள் இசை வலுவாக இருந்தால் ஆண்பிள்ளை இசை மாதிரி இருக்கிறது என்றார்கள், மென்மையாக இருந்தால் பெண் வேறென்ன எழுதுவாள் என்றார்கள். அதைவிடக் கெடுதல், அவருக்கென்று நிலையான அரங்கம், பதவி, சீடர்கள், ஒரு பதிப்பகத்தின் தொடர்ந்த உழைப்பு எதுவும் அமையவில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அவரே ஊர் ஊராக ஸ்கோரைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்ட வேண்டியிருந்தது, பணக்காரத் தோழி ஒருவர் செலவுக்குக் கொடுத்து உதவினார். ஆண் இசையமைப்பாளர்களிலும் பலருக்கு இப்படி ஆகியிருக்கிறது, உண்மைதான். ஆனால் மெட்ரோபாலிடன் ஓபராவின் அந்த 113 வருடத்தை வேறு எதை வைத்து விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, மீட்கும் வேலைக்கு வருவோம். ஓபரா தாளில் மூன்று உருவத்தில் இருக்கும். முழு ஸ்கோர், அதில் எல்லா வாத்தியமும் எல்லாக் குரலும் ஒரே பக்கத்தில் அடுக்கடுக்காக இருக்கும், கண்டக்டருக்கானது. பாடகர்கள் கற்றுக்கொள்வதற்கு பியானோவோடு சுருக்கி அச்சிட்ட குரல் ஸ்கோர். மூன்றாவது பார்ட்டுகள், ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் அவர் வாசிக்க வேண்டியதை மட்டும் எழுதிய தனித் தாள்கள். நூலகத்தில் குரல் ஸ்கோர் இருக்கிறது, ஆகவே ஓபரா பத்திரமாக இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். பார்ட் இல்லையென்றால் ஒரு ஸ்வரம் வாசிக்க முடியாது.

பழைய பார்ட் ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள், அதில் ஒரு ஊரே குடியிருக்கும். ஒருவர் நீலப் பென்சிலால் பத்து தாளக்கட்டைக் குறுக்கே கோடு போட்டு வெட்டியிருப்பார், அடுத்த நிகழ்ச்சிக்காரர் அதை அழித்துவிட்டு வேறு இடத்தில் வெட்டியிருப்பார், வேண்டாத பக்கங்களை ஊசி நூலால் தைத்தே மூடியிருப்பார்கள். முழு ஸ்கோர் ஒன்று சொல்லும், பார்ட் வேறொன்று சொல்லும். ஸ்கோரில் கொம்பு வாத்தியத்துக்குச் சத்தம் குறைத்து வாசி என்று இருக்கும், பார்ட்டில் அந்தக் குறி விட்டுப்போயிருக்கும், பிரதி எடுத்தவர் அயர்ந்த நேரம் போல. எண்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஒத்திகையில் இப்படி ஒரு தவறு வந்தால் ஐந்து நிமிடம் போகும், ஆயிரம் தவறு இருந்தால்? ஒத்திகை நேரம்தான் ஓபராவில் ரொம்ப விலை உயர்ந்த பொருள். அதனால் பெரும்பாலான அரங்கங்கள் தாளைப் பார்த்ததுமே பின்வாங்கி, பார்ட்டெல்லாம் சுத்தமாக வாடகைக்குக் கிடைக்கும் பிரபலமான ஓபரா ‘கார்மென்’ போட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிடும். பாடகர்கள் பக்கமும் அதே கணக்கு, தர்ஸாவின் நீண்ட பாத்திரத்தை மாதக்கணக்கில் மனப்பாடம் செய்தால் வேறு எந்த ஊரில் அதைப் பாடப் போகிறார்கள்? இப்படி ஒவ்வொருவரும் தங்கள் அளவில் நியாயமான முடிவு எடுக்க எடுக்க ஒரு படைப்பு மண்ணுக்குள் போய்விடுகிறது.

அதைத் தோண்டி எடுத்த முதல் ஆள் என்று நான் மதிப்பது கண்டக்டர் ஒடலீன் டி லா மார்டினெஸ். 1984 இல் லண்டனில் வருடா வருடம் நடக்கும் ‘புரோம்ஸ்’ (Proms) இசை விழாவில் ஒரு முழுக் கச்சேரியை நடத்திய முதல் பெண். ஸ்மைத் இறந்து 50 வருடம் ஆன 1994 இல் அதே விழாவில் பிபிசி ஃபில்ஹார்மோனிக்கோடு ‘ரெக்கர்ஸ்’ முழுவதையும் ஆங்கிலத்தில் கச்சேரியாக நடத்தினார், அது ஒலிப்பதிவாக வெளிவந்தது. மேடை அமைப்பு இல்லை, உடை இல்லை, ஆனால் அடுத்த இருபது வருடத்துக்கு இந்த ஓபரா எப்படி ஒலிக்கும் என்று யார் கேட்டாலும் கையில் கொடுக்க ஒன்று இருந்தது. அமெரிக்கக் கண்டக்டர் லியான் பாட்ஸ்டைன் 2007 இல் நியூயார்க்கில் கச்சேரியாகவும் 2015 இல் மேடையேற்றியும் நடத்தினார். 2014 முடிவோடு ஸ்மைத் இறந்து 70 வருடம் ஆகிவிட்டதால் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் காப்புரிமையும் தீர்ந்தது, புதுப் பதிப்பு தயாரிக்க நினைப்பவருக்கு ஒரு தலைவலி குறைந்தது.

ஆனாலும் எல்லோரும் நடத்தியது மொழிபெயர்ப்பை. இது ஏன் முக்கியம் என்று டப்பிங் படப் பாட்டுக் கேட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வாய் ஒன்று சொல்லும், மெட்டு வேறெங்கோ அழுத்தும். பிரெஞ்சில் அழுத்தம் சொற்றொடரின் கடைசியில் விழும், பேச்சில் விழுங்கிவிடும் கடைசி உயிரெழுத்துக்கும் பாட்டில் ஒரு ஸ்வரம் உண்டு. ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும்போது ஒரு ஸ்வரத்தை இரண்டாக உடைக்க வேண்டும், இரண்டை ஒன்றாக்க வேண்டும். ஸ்மைத்தே ஆங்கில மொழிபெயர்ப்பில் கைவைத்தவர்தான், இருந்தும் அந்த ஆங்கிலம் பழைய நாடக வசனம் மாதிரி விறைப்பாக இருக்கும். நான் 1994 ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு இவர் வாக்னர் என்ற ஜெர்மன் ஓபரா மேதையின் நிழலில் எழுதியவர் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

2022 மே மாதம் சஸ்ஸெக்ஸில் உள்ள கிளைண்ட்போர்ன் விழா இந்த ஓபராவோடு தொடங்கியது. ராபின் டிச்சாட்டி நடத்தினார், மெல்லி ஸ்டில் இயக்கம், லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா. அவர்கள் எடுத்த பெரிய முடிவு, பிரெஞ்சு மூலத்துக்கே போவது, வெட்டியவற்றைச் சேர்ப்பது. அதற்காகத் தங்களுக்கென்று புதுப் பதிப்பே தயார் செய்தார்கள். பிரெஞ்சு வரிகளை அவற்றுக்கான ஸ்வரங்களோடு மறுபடி பொருத்தி, ஸ்கோரையும் பார்ட்டையும் ஒத்துப் பார்த்து, மேடையில் ஒருவர் வாய் திறப்பதற்கு வெகு முன்னாலேயே நடந்த வேலை இது. நிகழ்ச்சி முடிந்து கைதட்டும்போது இந்தப் பதிப்பு வேலைக்காரர்கள் மேடைக்கு வருவதில்லை, எனக்கு எப்போதும் அவர்கள் ஞாபகம்தான் வரும்.

பிரெஞ்சில் கேட்டதும் நான் கண்ட மாற்றம் என்னவென்றால், வாக்னர் பின்னால் போய்விட்டார். விளக்குக் காவலனின் மகள் ஆவிஸ், மார்க்கை தர்ஸாவிடம் பறிகொடுத்து வெந்துகொண்டிருப்பவள், பாடும் பாட்டில் ‘கார்மென்’ எழுதிய பிரெஞ்சுக்காரர் பிஸே தெரிந்தார். ஜெர்மன் கனமும் பிரெஞ்சு நடையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போவதுதான் இந்த ஓபராவின் சொந்தக் குரல் என்று அப்போதுதான் புரிந்தது. அதே வருடம் ஜூலையில் ‘புரோம்ஸ்’ விழாவில், செப்டம்பரில் பெர்லினில், அதன்பின் அமெரிக்காவின் ஹூஸ்டனில் புது ஆங்கில மொழிபெயர்ப்பில் என்று தொடர்ந்து வந்தது. 1906 இல் கிடைக்காத இரண்டாவது, மூன்றாவது நிகழ்ச்சி.

குறை இல்லாத படைப்பு என்று சொல்ல மாட்டேன். முதல் அங்கத்தில் யார் யார் என்று விளங்குவதற்குள் நிறைய நேரம் போகிறது. மார்க் கடைசிவரை சற்றுத் தட்டையான ஆள். இசை சில இடங்களில் மூச்சு விடாமல் முழங்கி வார்த்தையை அமுக்குகிறது. ஆனால் ஊரையே ஒரு பாத்திரமாக்கியிருக்கிறார், கோரஸ் பின்னணி இல்லை, கதையின் வில்லனே அதுதான். அதே பாடல் குரலில் பக்தியும் ரத்த வெறியும் வரும்போது முதுகு சில்லிடும். கதாநாயகிக்கு வழக்கமான உச்சக் குரல் கொடுக்காமல் அதைவிடச் சற்றுத் தாழ்ந்த மெஸோ குரல் கொடுத்து, பொறாமைக்காரிக்கு அந்த உச்சக் குரலான சொப்ரானோ கொடுத்ததும் யோசித்துச் செய்தது. கடலும் ஊர்க்கூட்டமும் ஒரு தனி மனிதனை நசுக்கும் ஆங்கில ஓபரா என்றால் எல்லோரும் 1945 இல் வந்த, பெஞ்சமின் பிரிட்டன் என்ற இசையமைப்பாளரின் ‘பீட்டர் கிரைம்ஸ்’ என்பார்கள், இது அதற்கு 39 வருடம் முன்னால் மேடையேறியது.

இதே பாதையில் வேறு சில பெண் இசையமைப்பாளர்களும் வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். லூயிஸ் பெர்த்தான் 1831 இல் பாரிஸில் மேடையேற்றிய ‘ஃபவுஸ்தோ’ 2023 இல் பாரிஸிலேயே மறுபடி ஒலித்தது, ஓகுஸ்தா ஓல்மேஸின் 1895 ஓபரா 2024 இல் ஜெர்மனியின் டார்ட்மண்டில் வந்தது. இரண்டிலும் முதல் வேலை தாள் வேலைதான்.

கேட்டுப் பார்க்க ஆசை என்றால் முழு ஓபராவில் தொடங்க வேண்டாம். இரண்டாம் அங்கத்துக்கு முன்னால் வரும் ஆர்கெஸ்ட்ரா முன்னிசை, ‘ஆன் த கிளிஃப்ஸ் ஆஃப் கார்ன்வால்’ என்ற பெயரில் தனியாகவே கிடைக்கும், அதை இரவில் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். அப்படியே நிறுத்தாமல் இரண்டாம் அங்கத்துக்குள் போய்விடுங்கள், காதலர்கள் சேர்ந்து தீ மூட்டும் இடம் வரும். கடலில் இருக்கும் முகம் தெரியாத மாலுமிகளுக்காக ஒரு வெளிச்சம், அதே வெளிச்சம் அவர்களை ஊருக்குக் காட்டிக்கொடுக்கப் போகிறது, இருவருக்கும் அது தெரியும், ஆர்கெஸ்ட்ராவுக்கும் தெரியும். அதைக் கேட்ட பிறகு குகைக் காட்சிக்குப் போங்கள், லைப்ஸிக்கில் வெட்டியது அந்த அங்கத்தைத்தான்.